ஆசனமும் அதிகாரமும்: சீனத்து மெருகிட்ட மண்ணிருக்கைகள் குறித்து ஹந்தானையிலிருந்து ஒரு நோக்கு

1

கலைப்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை உடைமையாகக் கொண்டிருந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பாண்டம் எந்த அரச வம்சத்தின் காலத்தது, எந்தச் சூளையிற் சுடப்பட்டது, எவருடைய மாளிகையை அலங்கரித்தது, இன்று அதன் பெறுமதி யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதிலேயே சேகரிப்பாளரும் அவர்வழிச் சென்ற ஆய்வாளரும் ஈடுபாடு காட்டியுள்ளனர். அப்பொருளை ஆக்கிய கைகள் யாவை, அது வைக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தோர் யாவர், அமரும் உரிமையின்றி நின்றோர் யாவர் என்னும் வினாக்கள் அத்துணை அக்கறையுடன் எழுப்பப்படவில்லை.

மலைநாட்டுப் பழைய பங்களாக்களின் விறாந்தைகளிலும் பூந்தோட்டங்களிலும், கண்டி நகரத்துப் பழம்பொருட் கடைகளிலும் சிற்சில வேளைகளிற் காணக்கூடிய ஒரு பொருள், இவ்வினாக்களை எழுப்புவதற்கு வாய்ப்பாக அமைகின்றது. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமும், நடுவே பருத்து இரு முனைகளிலும் சிறுத்த முரசின் வடிவமும், பச்சை, மஞ்சள், நீலம், கபிலம் ஆகிய நிறங்களிற் பளபளக்கும் மேற்பரப்பும் உடைய மண்ணாலான இருக்கையே அது. முதுகுச் சாய்வோ கைதாங்கியோ அதற்கு இல்லை. அறியாதோர் அதனைப் பூச்சாடி வைக்கும் பீடம் என்றே கொள்வர். இன்று பல வீடுகளில் அதுவே அதன் பயனாகவும் உள்ளது. ஆயின் அது சீனத்திலே மனிதர் அமர்வதற்கெனச் செய்யப்பட்டது.

ஹந்தானை மலைச்சாரலிலே, பல்கலைக்கழகச் சூழலில் இருந்துகொண்டு இப்பொருளின் வரலாற்றை நோக்கும் நாம், அதனை அழகுப்பொருளாக மட்டும் கருத இயலாது. சீனத்துக் குயவரின் சூளையிலிருந்து பெருந்தோட்டத் துரையின் விறாந்தைவரை அது கடந்த வழி, மனித சமூகங்கள் ‘அமர்தல்’ என்னும் எளிய செயலை எவ்வாறு அதிகாரத்தின் அடையாளமாக்கின என்பதைக் காட்டும் வழியுமாகும். இக்கட்டுரை அவ்வழியைச் சுருக்கமாகத் தொடர முயல்கின்றது.

2

முதலிற் பொருளின் இயல்பை நோக்குவோம். மண்ணாற் செய்து சுடப்படும் பாண்டங்களை வெப்பநிலையின் அடிப்படையில் மூன்று வகைப்படுத்தலாம். ஏறத்தாழ 1,150 பாகை செல்சியசுக்குக் கீழ் சுடப்படுவது சாதாரண மட்பாண்டம். அது நுண்துளைகள் உடையது, நீரை உறிஞ்சுவது. ஏறத்தாழ 1,200 முதல் 1,300 பாகை வரையிற் சுடப்படுவது கல்லைப்போல் இறுகிய பாண்டம். அதனினும் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கவல்ல வெண்களிமண்ணிலிருந்து பிறப்பது பீங்கான். சீனத்து இருக்கைகள் இம்மூவகையிலும் கிடைக்கின்றன. எனினும் தோட்டத்துக்கென ஆக்கப்பட்டவற்றுட் கணிசமானவை முதலிரு வகையைச் சார்ந்தவையே. பீங்கான் இருக்கை செல்வர் வீட்டினுள்ளே போற்றப்பட்டது. மண்ணிருக்கை மழையிலும் வெயிலிலும் இருந்தது.

நுண்துளைகள் உடைய மண்ணை மழை பாதியாதவாறு காப்பது அதன்மீது பூசப்படும் கண்ணாடி மெருகு ஆகும். ஈயச் சேர்மத்தை நுண்ணிய மணற்பொடியுடன் கலந்து, ஒருமுறை சுட்ட பாண்டத்தின்மேற் பூசி, தாழ்ந்த வெப்பத்தில் மீண்டும் சுட்டால், அக்கலவை உருகிக் கண்ணாடியாய்ப் படியும். செம்பு சேர்ந்தாற் பச்சையும், இரும்பு சேர்ந்தால் மஞ்சளும் கபிலமும், கோபால்ற்றுச் சேர்ந்தால் நீலமும், மங்கனீசு சேர்ந்தால் ஊதாவும் தோன்றும். ஹான் அரச வம்சத்தின் காலம் முதலே, அதாவது இற்றைக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே, சீனத்துக் குயவர் ஈய மெருகைக் கையாண்டனர். தாங் வம்சத்துக் காலத்து (618 - 907) மூவண்ண உருவங்கள் இந்நுட்பத்தின் பெருஞ்சாதனைகளாம். ஆலயங்களினதும் அரண்மனைகளினதும் கூரையோடுகளும் இதே முறையில் மெருகிடப்பட்டன. தொழில்நுட்ப அடிப்படையில் நோக்கின், தோட்டத்து மண்ணிருக்கை மேசைக் கோப்பையின் உறவினன் என்பதைவிடக் கூரையோட்டின் உறவினன் என்பதே பொருத்தமாகும்.

இருக்கையின் வடிவமும் கருதத்தக்கது. மேலும் கீழும் வரிசையாகப் புடைத்து நிற்கும் குமிழ்கள், முரசின் தோலை மரத்தோடு பிணைக்கும் ஆணித் தலைகளைப் போலச் செய்தவையாகும். பக்கங்களிலே, நடுவிற் சதுரத் துளையுடைய சீன நாணயத்தின் வடிவில் இடைவெளிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை செல்வச் செழிப்பின் குறியீடு என்பர். ஆயினும் குயவனின் நோக்கில் அவற்றுக்கு வேறு பயன்களும் உள. உட்குழிவான பெரிய பாண்டம் சூளையிற் சூடேறும்போது உள்ளிருந்து ஆவியும் காற்றும் வெளியேற அவை வழிவிடுகின்றன, பாரத்தைக் குறைக்கின்றன, இருக்கையைத் தூக்கி இடம் மாற்றுவதற்குக் கைப்பிடியாகவும் உதவுகின்றன. அழகு எனப் பின்னர் போற்றப்படுவது தொழிலின் தேவையிலிருந்து பிறப்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். இவ்விருக்கையின்மேற் பூவேலை செய்த பட்டுத்துணியை விரிக்கும் வழக்கம் இருந்தமையாற் சீனர் அதனைப் பூவேலை இருக்கை என்னும் பொருள்படவும் வழங்கினர்.

தென்சீனத்திலே குவாங்டொங் மாகாணத்தின் பொஷான் நகரை அடுத்த ஷிவான், கூரை முகட்டு உருவங்களுக்கும் மெருகிட்ட பெரும் பாண்டங்களுக்கும் பெயர்பெற்ற இடமாகும். அங்கு மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் ‘நாகச் சூளை’ ஒன்று, மிங் வம்சத்துச் செங்தே பேரரசனின் காலத்தில் (1506 - 1521) கட்டப்பட்டது. அதில் இன்றும் பாண்டங்கள் சுடப்படுகின்றன. அப்பகுதி கன்ரன் துறைமுகத்துக்கு அண்மையில் இருந்தமை அதன் பண்டங்கள் கடல் கடந்து செல்வதற்கு வாய்ப்பளித்தது.

இப்பண்டங்களை ஆக்கியோர் தனித்தனிக் கலைஞராக இயங்கவில்லை என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. பீங்கானுக்குப் பேர்பெற்ற சிங்டெசென் நகரைப் பற்றி 1712ஆம் ஆண்டில் மடல் எழுதிய தந்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், ஒரே பாண்டம் முற்றுப்பெறுமுன் எழுபது தொழிலாளரின் கைகளினூடாகச் செல்வதாகக் குறிப்பிட்டார். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னரே உழைப்புப் பிரிவினை அத்துணை முதிர்ந்திருந்தது. எழுபது கைகளில் ஒன்றின் பெயர்தானும் பாண்டத்திற் பொறிக்கப்படவில்லை. ஈய மெருகு அதனைக் கையாள்வோரின் உடலை நஞ்சூட்டுவது என்பதும் இத்தொழிலின் மறுபக்கமாகும். இங்கிலாந்தின் ஸ்ரபோட்சயர்ப் பாண்டத் தொழிலாளரிடையே ஈய நஞ்சால் விளைந்த நோயும் சாவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அரசாங்க விசாரணைக்கும் கட்டுப்பாடுகளுக்கும் காரணமாயின.

3

சீனர் தொன்றுதொட்டு உயர்ந்த இருக்கைகளில் அமர்ந்தவர் அல்லர். பண்டைச் சீனத்தில் அரசனும் அறிஞனும் பாயின்மீதே அமர்ந்தனர். நாற்காலியும் உயர்ந்த பீடமும் பொதுவழக்கானமை தாங் காலத்திலிருந்து சுங் காலம் வரையிலான சில நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மாற்றமாகும். இம்மாற்றத்திலே பௌத்த மடாலயங்களுக்குக் கணிசமான பங்கு இருந்தது என ஆய்வாளர் கருதுவர். இந்தியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பௌத்தம் பரவியபோது கோட்பாடுகளும் சிலைகளும் மட்டும் சென்றில. அன்றாட வாழ்க்கைப் பொருள்களும் உடன்சென்றன. பௌத்த குகைச் சிற்பங்களிலே போதிசத்துவர் அமர்ந்துள்ள, இடை சிறுத்த பிரம்பு இருக்கை, நம் நாடுகளில் இன்றும் வழங்கும் மோடாவை நினைவூட்டுவது. தாங் காலத்து மூவண்ண உருவங்களில் அரண்மனைப் பெண்கள் அத்தகைய இருக்கைகளில் அமர்ந்துள்ளமையைக் காண்கின்றோம். பிற்கால முரசு வடிவ இருக்கையும் இம்மரபின் கிளையாகவே கொள்ளத்தக்கது.

ஆகவே சீனத்தின் தனிச்சிறப்பு எனக் கருதப்படும் பொருளின் முன்வரலாற்றிலே தென்னாசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பண்பாடு ஒருவழிப் பாதையிற் செல்வதில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கிய சீன பிக்கு பாகியன், அபயகிரி விகாரையிலே புத்தர் சிலையின் முன்பு ஒரு வணிகன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாயகத்தை எண்ணிக் கண்ணீர் உகுத்ததாகத் தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார். சீனப் பண்டங்கள் இத்தீவை அடைந்தமைக்கு அவ்விசிறி பழைய சான்றுகளுள் ஒன்று.

4

மெருகிட்ட சீனப் பாண்டங்கள் ஈழத்துக்கு வந்தமைக்குத் தொல்லியற் சான்றுகள் நிரம்ப உண்டு. மன்னார்க் கரையிலுள்ள மாதோட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் முதலியோர் நடத்திய அகழ்வுகள், தாங் காலத்துச் சீனப் பாண்டங்களோடு மேற்காசியாவின் மெருகிட்ட பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1977இல், யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியிலே சுங் காலத்துச் சீனப் பாண்டங்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன. பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்திலும் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீனப் பாண்டத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. நீரிணையின் இரு கரைகளும் ஒரே வணிக வலையில் இணைந்திருந்தன என்பதை இவை உறுதிப்படுத்துகின்றன.

இவ்வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தைக் காலிக் கல்வெட்டு காட்டுகின்றது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. 1911இற் காலியிலே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனமொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைத் தெய்வமாகிய தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் அதிற் கூறப்பட்டுள்ளன. தமிழ் அக்காலத்து இந்துமாகடலின் வணிக மொழிகளுள் ஒன்றாய் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சீனச்சட்டி, சீனக்காரம், சீனவெடி, ஈழத்தவர் சர்க்கரைக்கு வழங்கும் சீனி ஆகிய சொற்களும் இத்தொடர்பின் எச்சங்களே.

எனினும் ஒரு வேறுபாட்டை இங்கு வற்புறுத்தல் வேண்டும். துறைமுகங்களிற் கிடைத்தவை பெரும்பாலும் கிண்ணங்களும் சாடிகளும் தட்டுகளுமாம். வணிகப் பண்டங்களாகவும் பண்டங்களைக் கொண்டுவந்த கலங்களாகவும் வந்தவை அவை. மலைநாட்டுப் பங்களாக்களின் தோட்ட இருக்கை அவ்வணிகத்தின் நேர்த்தொடர்ச்சி அன்று. அது பிறிதொரு காலத்துக்கும் பிறிதொரு பொருளாதாரத்துக்கும் உரியது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ‘சீன - இலங்கைப் பழந்தொடர்பு’ எனப் பெருமிதமாகப் பேசுவது, இடையில் நிகழ்ந்த ஆக்கிரமிப்பின் வரலாற்றை மறைப்பதாகும். கரையோரத்துப் பழந்துறைகளிலிருந்து இனி மலைநாட்டுக்கு வருவோம்.

5

பிரித்தானியர் வருமுன் கண்டி இராச்சியத்தில் ஆசனம் என்ன பொருள் உடையதாயிருந்தது? 1660இற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்விராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இதுபற்றிப் பயனுள்ள செய்திகளைத் தருகின்றான். பெரிய மனிதர் வீட்டிலும் முதுகுச் சாய்வற்ற ஓரிரு முக்காலிகளே இருந்தன. சாய்வுடைய ஆசனத்தில் அமரும் உரிமை அரசனுக்கு மட்டுமே உரியது. குடிமக்கள் தம் வீடுகளுக்கு ஓடு வேய்தலும் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுதலும் தடுக்கப்பட்டிருந்தன. சாதிப் படிநிலையும் இருக்கையின் உயரத்தில் வெளிப்பட்டது. ஒருவருக்கு உயர்ந்த முக்காலியும், மற்றொருவருக்குத் தாழ்ந்த பலகையும், வேறொருவருக்குப் பாயும், இன்னொருவருக்கு வெறுந்தரையும் என வரையறை இருந்தது.

சீனத்திலும் நிலைமை முற்றும் வேறானதன்று. மஞ்சள் மெருகிட்ட கூரையோடு பேரரசருக்குரிய கட்டடங்களுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் ஓட்டின் நிறம் வரையறுக்கப்பட்டது. மற்றோரிடத்தில் ஓடே வரையறுக்கப்பட்டது. நிலமானிய முறையிலமைந்த சமூகங்கள் மண்ணுக்குங்கூடப் படிநிலை வகுத்தன என்பதையே இவ்விரு நிலைமைகளும் காட்டுகின்றன. மண்ணைப் பிசைந்து சுட்டவனோ இரு நாடுகளிலும் அப்படிநிலையின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தான்.

ஆசனம் அதிகாரத்தின் குறியீடு என்பதைக் கண்டி அரச சிம்மாசனத்தின் கதை மேலும் தெளிவாக்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாக வழங்கியது அச்சிம்மாசனம். பின்வந்த நாயக்க மன்னர்களும் அதனைப் பயன்படுத்தினர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இராச்சியம் பிரித்தானியர் வசமானபின் அது இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வின்சர் மாளிகையில் வைக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டிலேதான் இலங்கைக்குத் திரும்பியது. கரையோர வணிகத்தை நாடிய அந்நியர் அரசனுக்கு ஆசனம் அளித்தனர். நிலத்தை நாடிய அந்நியர் அவ்வாசனத்தைக் கவர்ந்தனர். வணிக முதலாளித்துவத்துக்கும் அதன் பின்வந்த குடியேற்ற ஆட்சிக்குமிடையேயுள்ள வேறுபாட்டை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது.

6

அரசனின் ஆசனம் வெளியேறிய மலைநாட்டிலே துரையின் ஆசனம் வந்தமர்ந்தது. 1820களிற் கம்பளைக்கு அண்மையிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பிச் செய்கை தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியன என ஊகிக்க இடமளித்தது. ஹந்தானைத் தொடரின் சாரல்களிலும் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1867ஆம் ஆண்டு கண்டிக்குப் புகையிரதமும் வந்தது.

தேயிலையின் பிறப்பிடமும் சீனமே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1839இல் அசாம் தேயிலை விதைகள் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தன. 1841இற் சீனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட செடிகள் வேம்ஸ் சகோதரரின் புசல்லாவைத் தோட்டத்தில் நடப்பட்டன. தேயிலையும், அதனை அருந்தும் கோப்பையும், அருந்துவோர் அமரும் தோட்ட இருக்கையும் ஆகிய மூன்றும் சீனத்திலிருந்து ஐரோப்பியர் பெற்ற வாழ்க்கைமுறையின் உறுப்புகளாம்.

சீனத்து மண்ணிருக்கை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மேல்வர்க்கத்தின் விருப்பப் பொருளாயிற்று. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கை, அபினிப் போரில் தோற்ற சீனத்தின் துறைமுகங்களைப் பிரித்தானியருக்குத் திறந்துவிட்டது. ஹொங்கொங்கும் அவர்கள் வசமாயிற்று. 1840களின் நடுப்பகுதியிலிருந்து சீனத்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடிய தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சென்றன. 1880களில் அவ்விடத்தைக் கொழும்பு பெற்றது. கன்ரன், ஹொங்கொங் பண்டங்கள் இலங்கைப் பங்களாக்களை வந்தடைய இது இலகுவான வழியாகும். இங்கிலாந்தின் மின்ரன் தொழிற்சாலை, சீன வடிவத்தைத் தழுவித் தானும் மெருகிட்ட தோட்ட இருக்கைகளை உற்பத்தி செய்தது. ஆகவே பழைய வீடுகளிற் காணப்படுவன யாவும் சீனத்தில் ஆக்கப்பட்டன எனக் கொள்ளல் தவறு. அமெரிக்கா 1890இல் நிறைவேற்றிய சுங்கச் சட்டம் இறக்குமதிப் பண்டங்களிற் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்திற் பொறிக்கவேண்டும் என விதித்தமையால், அடியில் ‘சைனா’ என ஆங்கில எழுத்துப் பொறித்தவை 1891க்கு முற்பட்டனவாதல் அரிது. பழமை பேசும் விற்பனையாளரின் கூற்றைச் சோதிப்பதற்கு இச்சிறு குறி உதவும்.

சீனத்து அறிஞனின் தோட்டத்தில் அவ்விருக்கை நண்பர் வட்டமாய் அமர்ந்து உரையாடுவதற்குப் பயன்பட்டது. கற்பலகையைச் சூழ நான்கைந்து இருக்கைகள். அனைத்தும் ஒரே உயரம். முதுகுச் சாய்வு எதற்கும் இல்லை. அத்தோட்டத்தைப் பேணிய கூலியாட்கள் அவ்வட்டத்துக்கு வெளியேதான் நின்றனர். எனினும் வட்டத்தினுள்ளே ஒரு சமத்துவம் இருந்தது. பங்களாவின் விறாந்தையில் அச்சமத்துவமும் இல்லை. அங்கு துரைக்குச் சாய்வு நாற்காலி உண்டு. மண்ணிருக்கை தேநீர்த் தட்டு வைக்கவோ பூச்சாடி வைக்கவோ பயன்பட்டது. அமர்வதற்கென ஆக்கப்பட்ட பொருள் அமர்வோர் இன்றி வெறுமையாய் இருக்க, அதன் முன்னே மனிதர் நின்றுகொண்டிருந்தனர்.

நின்றோர் யாவர்? தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து மண்டபம், தலைமன்னார் வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. கங்காணியிடம் பட்ட கடனாற் கட்டுண்டு, பற்றுச்சீட்டாகிய ‘துண்டு’ தீர்க்கப்படாமல் வேறு தோட்டம் செல்ல இயலாதவராய் அவர்கள் வாழ்ந்தனர். துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம், வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்றல், நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்தல், மாலையிலே கொழுந்தை நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்றல் என அவர்தம் வாழ்க்கை நின்றபடியே கழிந்தது. துரை வருகையில் குடையை மடக்குதலும், தலைத்துண்டை எடுத்தலும், வழிவிட்டு ஒதுங்கி நிற்றலும் மலையக முதியோரின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளாம். நொக்ஸ் கண்ட கண்டியில் முதுகுச் சாய்வு அரசனுக்குரியது. பெருந்தோட்டத்தில் அது துரைக்குரியதாயிற்று. உற்பத்தி முறை மாறியது. பழைய படிநிலையின் குறியீடுகளோ புதிய எசமானுக்குப் பயன்பட்டன.

7

இதனை அந்நியர் செய்த கொடுமை என மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றிலும் ஆசனம் போராட்டக் களமாய் இருந்துள்ளது. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பாடசாலையிற் பிறரோடு ஒரே வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் தரையிலோ வெளியிலோ இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில் ‘சம ஆசனம், சம போசனம்’ என்னும் கோரிக்கை எழுந்தது. அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் அனைவருக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் எனக் கல்வித் திணைக்களம் பணித்தபோது, அதனை எதிர்த்தோர் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். ஒரு வாங்கு எரிக்கப்படுவதற்கான காரணம் அதன் மரத்தில் இல்லை. யார் யாருக்கு அருகில் அமரலாம் என்பதிலேயே இருந்தது.

மலையகத் தமிழரைப் பொறுத்தவரை, அமரும் உரிமை பின்னர் குடியுரிமை என்னும் வடிவில் மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகைகளாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தம் உழைப்பாற் பெருக்கியோர், அந்நாட்டில் தமக்குரிய இடத்தைப் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றுகொண்டே இருந்தனர்.

இவ்வரலாற்றை எங்கே காண்பது? ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாயிற்று. கொழுந்தை அரைத்த உருளைகளும் அவற்றை இயக்கிய பொறிகளும், ஜேம்ஸ் ரெயிலர் முதலிய முன்னோடிகளின் நினைவுப் பொருள்களும் அங்குள்ளன. தொழில்நுட்ப வரலாற்றுக்கு அது அரியதோர் இடம். கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலே, பழைய லயத்தில் 2007இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் நூதனசாலை மற்றொன்று. அங்கு காண்பவை லயக் காம்பிராவும், அதில் வாழ்ந்தோரின் பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களுமாம். பொறியின் வரலாறும் உழைத்தவரின் வரலாறும் இவ்வாறு இரு வேறு கட்டடங்களிற் கிடக்கின்றன. ஒன்றைக் கண்டவர் மற்றையதையும் காணுதல் வேண்டும். அவ்விரண்டையும் இணைத்து எழுதுவது இப்பல்கலைக்கழகச் சூழலில் உள்ளோரின் கடமையுமாகும்.

1950களின் தொடக்கத்தில் ஹந்தானைச் சாரலுக்குப் பெயர்ந்த இப்பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபங்களில், ஒரு காலத்தில் நின்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் தொகை இன்னும் போதியதாக இல்லை. எனினும் அவர்கள் அங்கு அமர்ந்தமை போராட்டத்தின் விளைவாகும், எவரது கொடையும் அன்று.

சீனத்து மெருகிட்ட மண்ணிருக்கை அழகானது என்பதை நாம் மறுக்கவில்லை. நூற்றாண்டு மழைக்குப் பின்னும் மங்காத அதன் பச்சையும் மஞ்சளும் மனித ஆற்றலின் சான்றுகள். ஆயின் அந்நிறத்திலே பெயரறியாக் குயவரின் ஈயந் தோய்ந்த விரல்களையும், அது வைக்கப்பட்ட விறாந்தையின் படிக்கட்டிலே வெறுங்காலுடன் நின்றோரின் நிழலையும் காணும்போதே அதன் வரலாறு முழுமை பெறும். பழம்பொருளைப் பேணுவோர், அதனோடு சேர்த்து இந்நினைவையும் பேணுவாராக.